செமஸ்டர் லீவில் ஒரு வாரம் இலங்கை மலையகத்து அட்டனுக்கு: சேரம்பாடியிலிருந்து போய் வந்த கதை

நீலகிரியில் எங்கள் பந்தலூர், சேரம்பாடி பக்கம் டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் நிறைய வீடுகளுக்கு இன்னும் இலங்கையில் சொந்தம் இருக்கிறது. ஆனால் போனில் பேசுவதோடு சரி, போய்ப் பார்த்தவர்கள் குறைவு. நான் போய்விட்டு வந்ததிலிருந்து எப்படிப் போனாய், என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

1964-ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தார்கள், மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள். என் அம்மாயி (அம்மாவின் அம்மா) இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் வாக்கப்பட்டிருந்ததால் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்துவிட்டார். அவர் தங்கச்சி வாக்கப்பட்ட வீட்டில் அங்கேயே பிரஜாவுரிமை கேட்டிருந்தார்கள், அதனால் அந்தச் சின்ன அம்மாயி அட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்துவிட்டார். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்த ரெண்டு பேர். அவரைப் பார்க்கத்தான் போனேன்.

பெரிய வேலை பாஸ்போர்ட்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது, அப்பா பெயரை முழுசாக விரித்து எழுத வேண்டும், நம்மிடமோ ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி இருக்கும். விண்ணப்பிப்பதற்கு முன்னாலேயே ஆதாரைச் சரிசெய்துவிடுங்கள், இதை ரெண்டு தடவை சொன்னாலும் தகும். கட்டணம் 1,500 ரூபாய். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அசலைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் கூடலூர், ஊட்டி வழியாகக் கோவைக்கு இறங்கித்தான் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேரில் போனேன், அதற்கே ஒரு முழு நாள் போய்விடும். அப்புறம் போலீஸ் விசாரணை. வீடு யார் பேரில் என்று கேட்டார்கள், குவார்ட்டர்ஸ் எப்படி நம் பேரில் இருக்கும்? அப்பா வேலை செய்கிற இடத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தோம், அதைக் காட்டியதும் பிரச்சினை இல்லை.

இலங்கைக்கு இ.டி.ஏ. என்கிற அனுமதியை இணையத்திலேயே எடுக்கலாம். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன, அதனால் போகிற சமயத்தில் அந்த நாட்டு அரசின் தளத்திலேயே பாருங்கள், ஏஜென்ட் தளங்களில் மாட்டினால் மேலே காசு பிடுங்குவார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பல் விட்டார்கள்தான், ஆனால் யாழ்ப்பாணத்தில் இறங்கி மலையகம் போய்ச் சேர இன்னொரு நாள் வேண்டும். ஒரு வார லீவுக்குத் திருச்சி-கொழும்பு விமானம்தான் சரி, சுமார் ஒரு மணி நேரம்தான்.

திருச்சி விமான நிலையத்தில், இலங்கையில் எங்கே தங்கப் போகிறாய் என்று கேட்டார்கள். தோட்டத்து லயத்துக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் எங்கே இருக்கிறது? தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபால் ஊர், மாமா போன் நம்பர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். கொழும்பு போனதும் நிரப்பின படிவத்துக்கும் அந்தத் தாள்தான் உதவியது, தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து 187 பஸ்ஸில் கொழும்பு, ராத்திரி கொட்டாஞ்சேனையில் மாமா மகன் அறை, காலையில் கோட்டை ஸ்டேஷனில் பதுளை ரயில். நாவலப்பிட்டி தாண்டியதும் குளிர் ஏறிற்று, பெட்டியில் ஸ்வெட்டர் போட்ட ஒரே ஆள் நான்தான்.

அட்டனில் இறங்கி ஆட்டோவில் மேலே போனால், சின்ன அம்மாயி வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா மூக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் ஐந்தரைக்கு எழுந்து பழகினவளை எட்டு மணி வரை தூங்க விட்டார்கள். எழுந்தால் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ, தணலில் வாட்டின ரொட்டி, கட்டசம்பல். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு எல்லாம் அம்மியில் நசுக்கி உப்பும் எலுமிச்சையும் விடுவார்கள். சேரம்பாடியில் அம்மாயியும் அதையேதான் செய்கிறார், ஆனால் மாசி கிடைக்காமல் வெறும் மிளகாயில். வரும்போது மாசிக் கருவாடு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார் சின்ன அம்மாயி. நான் கொண்டுபோனது வர்க்கியும் அவர் முட்டிக்கு நீலகிரித் தைலமும். தைலத்தைக் கைப்பையில் வைத்தால் எடுத்துவிடக்கூடும், பெட்டியில் போடுவதே நல்லது.

சாயங்காலம் அத்தை பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து பேச்சுதான். வீடியோ காலில் அக்காவும் தங்கச்சியும் பேசியது எனக்கு மறக்காது. யார் யார் செத்துப்போனார்கள் என்று ஒரு மணி நேரம் கணக்குப் பார்த்தார்கள், ரெண்டு பேருமே அழவில்லை, பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தாங்கவில்லை.

அம்மாயிக்கு இனி மலை ஏறி இறங்கிப் பயணம் முடியாது. அதனால் சின்ன அம்மாயியைத்தான் இங்கே கூட்டிவரப் பார்க்கிறோம். அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, மாமா பழைய தோட்டப் பதிவுகளில் தேடிக்கொண்டிருக்கிறார். அங்கிருந்து இந்தியாவுக்கு விசா எடுத்து வயசானவர்களை அழைத்து வந்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.