கம்பத்தடியில் தொடங்கிய மாலைகள்

மலருக்கு நினைவுக் கட்டுரை என்றால் கிண்ணம் வென்ற கதை எழுதுவது வழக்கம். நாங்கள் எழுத வந்தது கிண்ணத்துக்கு முந்திய சலிப்பை: மாலைதோறும் பள்ளி மைதானத்தில் செய்த கோல் பயிற்சிகளை. இப்போது தங்கள் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் பழைய மாணவர்களுக்கு அவை அப்படியே பயன்படும்.

வலைப்பந்தாட்டத்தில் தொடக்கம் கம்பத்திலிருந்து ஒரு மீற்றரில். 10 எறிகையில் 8 விழுந்தால் ஓரடி பின்னால் போகலாம். 7 என்றால் அதே இடம்தான். கோல் வட்டத்தின் ஆரை 4.9 மீற்றர். எல்லோருக்கும் அந்த விளிம்பிலிருந்து எறியத்தான் ஆசை. தூரத்தில் தொடங்குகிறவர் பந்தை எட்ட வைப்பதற்காகத் தோளால் தள்ளப் பழகிவிடுவார். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. முழங்காலை மடித்து, நிமிரும்போதே பந்தை விடவேண்டும். விசை காலில், திசை மணிக்கட்டில். இது படிந்த பிறகே தடுப்பவராக ஒருவர் 0.9 மீற்றர் தள்ளி நின்று கையை உயர்த்துவார். பந்து கைக்கு வந்து 3 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும்.

கூடைப்பந்தாட்டத்தில் வளைவுதான் முக்கியம். வளையத்தின் விட்டம் 45 செ.மீ., பந்து ஏறத்தாழ 24 செ.மீ. தட்டையாக, 30 பாகையில் வரும் பந்துக்கு அந்த வாய் 22.5 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது, விளிம்பில் படாமல் உள்ளே போக வழியே இல்லை. உயர்த்தி எறியச் சொல்வது அழகுக்காக அல்ல.

தவறிய பந்தையும் எழுதி வைக்கவேண்டும். எத்தனை விழுந்தது என்பது மட்டும் எழுதிய கொப்பி பாதிக் கொப்பிதான். முன்விளிம்பில் பட்டுத் திரும்பினால் கால் தளர்ந்துவிட்டது என்று பொருள். ஒரே பக்கமாக விலகினால் முழங்கை வெளியே விரிகிறது, அல்லது துணைக்கையின் பெருவிரல் பந்தைத் தள்ளுகிறது. வளையத்தடியில் வலம் இடம் மாறிமாறிப் பலகையில் போடும் பயிற்சிக்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜோர்ஜ் மைக்கனின் பெயர் வழங்குகிறது. பந்தை நாடிக்குக் கீழே இறக்காமல் 30 வினாடி போட்டுப் பாருங்கள். இறக்கினால் ஆட்டத்தில் எதிரணிக் கை அங்கேதான் காத்திருக்கும்.

எதிரணி தவறிழைத்தால் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ப்ரீ த்ரோவை வரிசையாக 20 எறிவது மனதுக்கு இதம், ஆட்டத்துக்கு உதவாது. ஆட்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு, அதுவும் மூச்சு வாங்கும்போது. ஆகவே மைதானத்தை ஒருமுறை ஓடிவந்து இரண்டு, மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு.

உதைபந்தாட்டத்துக்கு 7.32 மீற்றர் அகலக் கோலில் இரு கம்பங்களுக்கும் ஒரு மீற்றர் உள்ளே கூம்பு வைப்போம். கூம்புக்கும் கம்பத்துக்கும் இடையே போனால்தான் கணக்கு. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். பின்தங்கினால் உடல் சாய்ந்து பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறக்கும். தாழ்வாகத் தூரக் கம்பத்தை நோக்கி அடிப்பது நல்லது. காப்பாளர் தட்டிவிடும் பந்து பெரும்பாலும் கோலுக்கு முன்னாலேயே விழும். அதற்காகவே இரண்டாமவர் ஒருவர் எப்போதும் ஓடிவருவார். அடித்துவிட்டு நின்று பார்ப்பவருக்கு அந்தப் பந்து கிடைக்காது. பாதி உதைகள் பலங்குறைந்த காலால்தான்.

ஹொக்கிக்கும் அதே கூம்புகள், அதே இரண்டாமவர். பந்தை நிறுத்த ஒரு தொடுகை, அடிக்க ஒன்று, அவ்வளவே. அதுவும் கோலுக்கு முன்னுள்ள அடிக்கும் வட்டத்துக்குள். வெளியிலிருந்து அடித்த பந்து வட்டத்துக்குள் தாக்கும் அணியினர் எவரும் தொடாமல் உள்ளே போனால் கோலே இல்லை.

கிரிக்கெட்டில் ஓட்டம் சேர்ப்பது மட்டையால் மட்டுமல்ல. ஓடி எட்டவேண்டிய ஒரு கோட்டுக்கும் மறு கோட்டுக்கும் இடையே 17.68 மீற்றர். இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பும்போது பந்து போன பக்கம் முகம் இருக்கும்படி மட்டையைக் கை மாற்றிப் பிடிக்கவேண்டும். மட்டையைக் கோட்டுக்கு முன்பே தரையில் இறக்கி இழுத்துக்கொண்டு போகவேண்டும்; உயர்த்திப் பிடித்தபடி வந்தால், மட்டை கோட்டைக் கடந்திருந்தாலும் அந்தரத்தில் இருப்பதால் ரன் அவுட்தான்.