தாயின் முகத்தோடு வரும் ஸ்லாத்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்று இருப்பது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம். பாட்டியின் காலத்தில் அது ரப்பர். அவர் சொல்லும் கதைகளில் எல்லாரும் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாலெடுக்க மரம் சீவப் புறப்படுவார்கள், ஏனெனில் வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அதே கதையை ஒருவர் செம்பனைக்கு மாற்றிச் சொன்னால் அந்த இருட்டு நடைக்குக் காரணம் இல்லாமல் போகும். வேறொரு காரணத்தை அவரே உண்டாக்க வேண்டியிருக்கும். மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையின் பின்புலம், அனிமே என்னும் அதன் அசைபட வடிவில் மாறும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அந்தப் புதிய காரணத்தைத்தான்.

சில மாற்றங்கள் கதையைத் தொடுவதே இல்லை. 'டெத் நோட்' மங்காவில் நாயகன் லைட் யாகாமி 1986-இல் பிறந்து 2010-இல் இறக்கிறான். 2006-இல் தொடங்கிய அனிமேயில் எல்லாம் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போகின்றன, அவ்வளவே. 'அகிரா'வில் தோக்கியோ அழியும் நாள் மங்காவில் 1982 டிசம்பர், அதாவது தொடர் தொடங்கிய மாதம். திரைப்படத்தில் 1988 ஜூலை 16, படம் வெளியான அதே நாள். இரண்டையும் உருவாக்கிய கட்சுஹிரோ ஓட்டோமோ, பார்ப்பவரின் நிகழ்காலத்தையே அழிவின் நாளாக வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த நுட்பம்.

ஆனால் 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' முற்றிலும் வேறு வகை. இறந்த தாயை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று தோற்ற எட்வர்டும் அவன் தம்பியும்தான் அதன் நாயகர்கள். ஹிரோமு அராகாவாவின் மங்கா 2001-இல் தொடங்கி 2010-இல், 27 தொகுதிகளில் முடிந்தது. அது பாதிகூட வராத நிலையில், 2003-இல் தொடங்கிய 51 பகுதி அனிமே தன் உலகத்துக்குத் தானே விதிகளை வகுத்துக்கொண்டது. மங்காவில் ரசவாதத்தின் ஆற்றல் நிலத்தட்டுகளின் அசைவிலிருந்து வருவதாகவே அனைவரும் நம்புகிறார்கள்; உண்மையில் நாட்டின் அடியில், 'தந்தை' எனப்படும் வில்லன் பரப்பி வைத்த உயிர்களின் படலம் இடையில் நிற்கிறது. அனிமேயிலோ அந்த ஆற்றல், இரண்டு உலகங்களுக்கு இடையிலுள்ள ஒரு வாசலுக்கு அப்பால், நம் உலகில் இறப்பவர்களின் உயிர். எட்வர்ட் அங்கே விழும்போது, முதல் உலகப்போர் நடக்கும் லண்டனின் வானத்தில் செப்பலின் வான்கப்பல்கள் பறக்கின்றன. அவன் அதுவரை செய்த ஒவ்வொரு ரசவாதத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிகிறது.

ஹோமுங்குலஸ்கள் எனப்படும் செயற்கை மனிதர்கள் பிறக்கும் விதமும் இப்படியே மாறியது. மங்காவில் அவர்கள் 'தந்தை' தன்னிடமிருந்து பிரித்தெடுத்த பாவங்கள். அங்கே, சோம்பல் என்ற பாவத்தின் பெயரைக் கொண்ட ஸ்லாத், நாட்டைச் சுற்றிச் சுரங்கம் தோண்டும் ஒரு ராட்சசன். 2003 அனிமேயில் அவர்கள், இறந்தவரை மீட்க முயன்று தோற்றவர்களின் கையில் பிறந்தவர்கள். ஆகவே ஸ்லாத், சகோதரர்கள் உயிர்ப்பிக்க முயன்ற அவர்களுடைய தாயின் முகத்தோடு வருகிறாள். மூல மனிதரின் எச்சம் அருகிலிருந்தால் வலுவிழப்பாள் என்பதும் அந்த உலகின் விதி.

மங்காவை ஒட்டிச் செல்லும், 2009-இல் தொடங்கிய இரண்டாவது அனிமேயின் 64 பகுதிகளே சரியானவை, முந்தையது பிழை என்று என் அத்தை மகன் சொல்கிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மங்காவில் ஸ்லாத்தை வீழ்த்துவது துணைப் பாத்திரங்களான ஆம்ஸ்ட்ராங் உடன்பிறப்புகளும் கர்ட்டிஸ் தம்பதியும். 2003 அனிமேயில் அதைச் செய்ய வேண்டியவன் எட்வர்ட், எதிரில் நிற்பது அம்மாவின் முகம்.