கொக்குவிலிலிருந்து ஹைவ்: ஒரு வருடக் கணக்கு

எழுதினால் கிரிப்டோ நாணயம் தரும் ஹைவ் என்ற இணையத் தளத்தில் எழுதத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. தெரிந்தவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "உதிலை மாசம் எவ்வளவு வரும்?" பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். சம்பளம் என்று சொல்ல ஏலாது. நல்ல மாதத்தில் இன்டர்நெட் பில்லும் கரண்ட் பில்லும் கட்டி, மிச்சத்துக்கு நல்ல மீனாக ஒன்று வாங்கலாம். மோசமான மாதத்தில் பில்லோடு சரி. இதைக் கேட்டதும் பாதிப்பேர் கதையை மாற்றிவிடுவார்கள். மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிப்பவன். 2021 ஓகஸ்ட் 20இல் போட்ட ஊரடங்கு ஒக்டோபர் 1 வரை இழுத்தது. ரியூசன் கொட்டில் பூட்டிக் கிடந்தது. ஸூமுக்கு வந்த பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான். டேட்டா போடவே காசில்லாத வீட்டில் வகுப்புக் காசை எந்த முகத்தோடு கேட்பது? ரொறன்ரோவில் இருக்கும் மச்சான்தான் இந்த வழியைக் காட்டினார். "பேஸ்புக்கிலை சும்மா எழுதித் தள்ளுறாய். அதை இஞ்சை எழுது, பத்துச் சதமாவது வரும்." பத்துச் சதம் என்பது எவ்வளவு சரியான மதிப்பீடு என்று முதல் மாதத்திலேயே விளங்கியது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2016இல் ஸ்டீம் என்று ஒரு பிளொக்செயின் வந்தது, அதாவது பல கணினிகளில் சங்கிலி மாதிரிப் பதிவாகிற பொதுக் கணக்கேடு. அதில் எழுதினால், வாசிப்பவர்கள் போடும் வாக்குக்கு ஏற்ப அந்தச் சங்கிலியின் சொந்த நாணயத்தில் பங்கு கிடைக்கும். 2020 ஆரம்பத்தில் ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை ட்ரொன் (Tron) நாணயத்தைத் தொடங்கிய ஜஸ்டின் சன் வாங்கினார். பிடிக்காதவர்கள் அந்த வருடம் மார்ச் 20இல் பிரிந்துபோய் உண்டாக்கியதுதான் ஹைவ். நான் வந்தபோது சண்டையெல்லாம் ஓய்ந்திருந்தது. பழையவர்கள் மட்டும் இடைக்கிடை அந்தக் கதையை எடுத்துப் பெருமூச்சு விடுவார்கள்.

கணக்குத் திறப்பதே ஒரு வேலை. மின்னஞ்சல் கடவுச்சொல் மாதிரி "மறந்துவிட்டேன்" என்று அமத்தி மீட்கும் பொத்தான் இங்கே கிடையாது. திறவுகோல்கள் தருவார்கள்: பதிவு போட ஒன்று, காசு அனுப்ப ஒன்று, கணக்கின் உரிமைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 5 என்ற இலக்கத்தில் தொடங்கும் 51 எழுத்து. நான் அவற்றைப் போனில் வைக்கப் பயந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதினேன். எழுதும்போது ஒன்று கவனித்தேன். அந்த எழுத்துகளுக்குள் பூச்சியம் வராது, பெரிய ஓ வராது, பெரிய ஐயும் சின்ன எல்லும் வராது. பார்த்து எழுதுகிறவன் குழம்பக்கூடாது என்று முன்கூட்டியே எடுத்துவிட்டிருக்கிறார்கள். யாரோ முகம் தெரியாத ஆள் என் கையெழுத்தைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று அப்போது சந்தோசமாக இருந்தது. பகுதி பகுதியாகச் சரிபார்த்து, கொப்பியை அம்மாவின் அலுமாரியில் காணி உறுதியோடு சேர்த்து வைத்தாயிற்று.

முதலில் அறிமுகப் பதிவு. பெயரையும் திகதியையும் தாளில் எழுதிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துப் போடுவது அங்கே வழக்கம். தங்கச்சி எடுத்தாள், பின்னால் கொடியில் சாரம் காய்ந்தது அப்படியே விழுந்துவிட்டது. அதற்கு வரவேற்புச் சொல்லி நிறையப் பேர் வந்தார்கள். புது ஆளென்றால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அதை நம்பி அடுத்தடுத்துப் போட்ட பதிவுகளுக்கு ஆளே இல்லை. ஒரு பதிவு டொலர்க் கணக்கில் 2 சதத்துக்குக் கீழே நின்றால் சங்கிலி அதைக் கணக்கில் எடுக்காது, ஒன்றும் கிடைக்காது. என் பதிவுகள் பல அப்படித்தான் போயின.

காசு எப்படிப் பிரிகிறது என்பதைக் கணக்கீட்டு வாத்தியாராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திரையில் தெரிகிற தொகையைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஒரு பதிவின் கீழே 4 டொலர் என்று காட்டுகிறது என்று வையுங்கள். 7 நாள் முடிய வேண்டும். முடிந்ததும் பாதி வாக்களித்தவர்களுக்குப் போகும். மிச்சம் 2. அதிலும் வழமையான பிரிப்பில் பாதி எச்.பி.டி., அதாவது ஒரு டொலர் பெறுமதியை ஒட்டி நிற்கிற நாணயம். மற்றப் பாதி ஹைவ் பவர். அது பங்கு மாதிரி உள்ளே கிடக்கும், வெளியே எடுக்க நினைத்தால் 13 கிழமைக்குப் பிரித்துத்தான் தருவார்கள். ஆக 4 டொலர் பதிவில் உடனே கையில் பிடிக்கக்கூடியது 1 டொலர்.

வாக்கின் பலமும் அந்த ஹைவ் பவரைப் பொறுத்ததுதான். ஆயிரம் ஏழைகள் சேர்ந்து போடும் வாக்கைவிட நிறைய ஹைவ் பவர் வைத்திருக்கும் ஒரு பெரியவரின் வாக்குக் கனம். புது ஆளின் வாக்குப் பெறுமதி பூச்சியம் என்றே காட்டும். முழுப் பலத்தோடு வாக்குப் போடுவதென்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10தான் போடலாம். அதற்கு மேல் போட்டால் பலம் இறங்கி, நாளைக்கு 20 வீதமாகத்தான் திரும்ப ஏறும். பெரியவர்கள் பலர் தானியங்கியாக வாக்கு விழும்படி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இது எழுத்தின் தரத்துக்குப் பரிசு தரும் இடம் என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. யாழ் நூலகம் 1981இல் எரிந்ததைப் பற்றி, ஊரடங்கு நாளெல்லாம் உட்கார்ந்து தேடித் தேடி நீளமாக எழுதினேன். சில சதம். அடுத்த கிழமை அம்மா வைத்த ஒடியல் கூழை, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில் வைக்கிற கூழை, படமெடுத்துப் போட்டேன். நூலகத்துக்கு வந்ததைப்போலப் பல மடங்கு.

இந்த நிலையில் விட்டுவிட்டு வந்திருப்பேன். அம்மாவிடம் ஒரு நாள் புலம்பினேன்: "நான் எழுதுறதை ஒருத்தரும் பாக்கினமில்லை." அம்மாவுக்கு இன்டர்நெட் என்றால் வட்ஸ்அப் மட்டும்தான். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ அவையின்ரை வீட்டுக்குப் போறனியோ? நாங்கள் நாலு சபை சந்திக்குப் போனால்தானே தம்பி, எங்கடை வாசலிலை நாலு சனம் நிக்கும்." செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் போய்த் தலையைக் காட்டும் ஊர் நியாயத்தை இந்தச் சங்கிலிக்கும் பொருத்திவிட்டார். பார்த்தால் அதுதான் அங்கே நடைமுறை. அடுத்த நாளிலிருந்து எழுதுவதைக் குறைத்து, மற்றவர்கள் எழுதுவதை வாசித்துப் பின்னூட்டம் போடத் தொடங்கினேன். "அருமையான பதிவு நண்பரே" வகைப் பின்னூட்டம் எடுபடாது, அங்கே அதற்குக் கெட்ட பெயர். வாசித்ததற்கு அடையாளமாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் பதில் வரும். பதில் எழுதியவர் பிறகு உன் பக்கத்தையும் பார்ப்பார்.

அப்படிக் கிடைத்தவர்தான் வெனிசுவேலாவில் இருக்கும் ஓர் அக்கா. ஹைவில் வெனிசுவேலாக்காரர் நிறையப் பேர். அவர்களுடைய பணம் கடதாசி விலைக்கு வந்த பிறகு, டொலர் பெறுமதியில் எது கிடைத்தாலும் அது சாப்பாடு. அக்கா எழுதுவது ஸ்பானிய மொழி, நான் ஆங்கிலம், நடுவில் கூகுள். என் கூழ்ப் பதிவுக்குக் கீழே அவர் ஒன்றொன்றாகக் கேட்டார். ஒடியல் மாவை ஏன் தண்ணீரில் ஊறவைத்து வடிக்கிறாய்? கசப்புப் போக, அக்கா. பலாக்கொட்டையைச் சாப்பிடுவீர்களா? நாங்கள் எதை விட்டோம்! நண்டு, றால், மீன்தலை, பயிற்றங்காய், முருங்கையிலை, செத்தல்மிளகாய் அரைத்த கூட்டு, பழப்புளி என்று பட்டியல் போக, மரவள்ளியில் வந்து நின்றார். அது அவர்களுடைய கிழங்கு. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி எங்கள் தோட்டத்துக்கு வந்தது. அவர்களும் மீனும் மரவள்ளியும் போட்டு சாங்கோச்சோ என்று ஒரு சூப் வைப்பார்களாம். அவர் அதை வைத்துப் படம் போட்டார். நாங்கள் பனையோலைப் பிளாவில் கூழ் குடிக்கிற படத்தை நான் போட்டேன். அந்த ஓலையை எப்படி மடித்தால் ஒழுகாது என்று கேட்டு மூன்று நாலு பேர் வந்துவிட்டார்கள். அம்மாவே ஓலை வார்ந்து, மடித்து, முடிந்து காட்ட, அதைப் படிப்படியாக எடுத்துப் போட்டேன். அந்த வருடத்தில் எனக்கு ஆகக் கூடத் தந்த பதிவு அதுதான்.

2021 நவம்பர் இறுதியில் சங்கிலியின் சொந்த நாணயமான ஹைவ் 3 டொலரைத் தாண்டியது. மச்சான் "விக்காதை, இன்னும் ஏறும்" என்றார். எனக்கு விற்க அதிகம் இருக்கவில்லை, அதனால் நட்டமும் இல்லை. பிறகு அது அரை டொலர் அளவுக்கு இறங்கிவிட்டது.

அதற்குள் எங்கள் இலங்கையின் நெருக்கடிக் கதை தொடங்கிவிட்டது. 200 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்த டொலரை 2022 மார்ச்சில் விட, மே மாதம் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பெற்றோல் இல்லாமல் நானும் அப்பாவின் பழைய றலி சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். கரண்ட் இருக்கும் நேரத்தில் போனை ஏற்றி, இருட்டில் கட்டிலில் கிடந்தபடி போனிலேயே பதிவு தட்டுவேன். வரிசையைப் பற்றி எழுதியதற்குக் கீழே அக்கா வந்தார். அனுதாபம் ஒரு வரிதான். மிச்சமெல்லாம் கைமருந்து. காசு கையில் வந்த அன்றே அரிசியும் பருப்பும் வாங்கு, நாளைக்கென்று வைக்காதே. மருந்து குடிக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அதை முதலில் வாங்கு. கரண்ட் வந்ததும் முதல் வேலை தண்ணீர் இறைத்து நிரப்புவது. 2019 மார்ச்சில் அவர்கள் நாடு முழுக்க நாள்கணக்கில் இருண்டு கிடந்தது; பட்டறிந்தவர் சொல்கிறார் என்று கேட்டு நடந்தேன். அப்பாவின் பிரஷர் குளிசை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்தது அவர் சொல்லித்தான். ஜூனில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களைப் பார்த்தபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

கணக்குப்படி பார்த்தால் விசித்திரமான காலம் அது. ஹைவ் நாணயம் விழுகிறது, ரூபாவும் விழுகிறது. எச்.பி.டி. மட்டும் டொலரோடு ஒட்டி நின்றது. ஜனவரியில் 600 ரூபா பெறுமதியான 3 எச்.பி.டி. மே மாதம் 1000 ரூபாவுக்கு மேல். நான் எழுதியது கூடவில்லை, வாக்கும் கூடவில்லை. நாடு மெலிந்த அளவுக்கு என் பங்கு கொழுத்தது. அதில் சந்தோசப்பட முடியவில்லை, ஆனால் அந்தக் காசில்தான் அந்த மாதங்களில் பால்மா வாங்கினோம்.

காசை ரூபாவாக்குவதுதான் இந்த வருடத்தின் பெரிய தலையிடி. 2022இல் கிரிப்டோவுக்கு இலங்கை மத்திய வங்கி யாருக்கும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. கவனம் என்று திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. வங்கி அட்டையை அதற்குப் பாவிக்கவும் விடவில்லை. ஆகவே எல்லோரும் போகும் வழி: ஹைவை இணையத்தில் இருக்கும் கிரிப்டோச் சந்தைக்கு அனுப்பி, டொலர் பெறுமதியை ஒட்டிய இன்னொரு நாணயமான யூ.எஸ்.டி.டி.யாக மாற்றி, அதைக் கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்பது. அவர் வங்கிக்குக் காசு போடுவார். காசு கணக்கில் விழுந்ததைக் கண்ணால் பார்க்கும் வரை நாணயத்தை விடுவிக்கக் கூடாது. அனுப்பிவிட்டேன் என்று காட்டும் ரசீதுப் படத்தை நம்பவே கூடாது. சந்தைக்கு அனுப்பும்போது மெமோ என்ற இடத்தில் அவர்கள் தரும் இலக்கத்தைப் போட வேண்டும், போடாவிட்டால் யாருடைய காசென்று தெரியாமல் அங்கேயே நிற்கும். என் வங்கியிலிருந்து ஒரு நாள் போன் வந்தது. அறிமுகம் இல்லாதவர்களிடமிருந்து காசு வருகிறதே, என்ன வியாபாரம்? எழுதுகிறேன் என்றேன். என்ன எழுதுகிறீர்கள்? கூழைப் பற்றி. மறுமுனையில் இருந்த பிள்ளை சிரித்தாலும் எழுத்தில் விளக்கம் கேட்டாள், போய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு தடவை மட்டும், ஒரே ஆளிடம்தான் விற்பது.

இன்னொரு கசப்பும் உண்டு. வாக்குப் போடலாம் என்றால் எதிர்வாக்கும் போடலாம். இரண்டு பெரிய கணக்குகள் தங்களுக்குள் முறுகிக்கொண்டபோது, ஒருவர் எனக்கு வாக்களித்திருந்தார் என்ற குற்றத்துக்காக மற்றவர் என் பதிவை அடித்தார். ஆறாம் நாள். பல டொலர் நின்ற இடத்தில் சில்லறை. முறையிட ஒரு கந்தோரும் இல்லை. ஒருவருடைய பங்கு, அவர் இஷ்டம் என்பதுதான் சட்டம். ஒரு கிழமை கோபத்தில் எழுதவில்லை. பின்னூட்டம் மட்டும் போட்டேன், அதை விட மனம் வரவில்லை.

ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா. கொரோனாவுக்குப் பிறகு சனம் நிறைந்து வந்த வருடம். 25 நாளும் நாளுக்கொன்று எழுதுவேன் என்று அறிவித்துவிட்டேன். தமிழில் மேலே, ஆங்கிலத்தில் கீழே. உள்ளே படம் எடுக்கவிடமாட்டார்கள், ஆகவே வீதியும் கச்சான் கடையும் காவடியும்தான். தேருக்குச் சட்டையில்லாமல் போவது ஏன் என்று நைஜீரியாக்காரர் ஒருவர் கேட்டதற்கு நான் எழுதிய பதில் பதிவைவிட நீளம். வந்த காசு கச்சானுக்குக் காணும்.

இப்போது கணக்கில் கிடக்கும் ஹைவ் பவரை மச்சான் உருவச் சொல்கிறார். இன்று அமத்தினால் 13 கிழமையில் முழுதும் வெளியே வரும், ஒரு பழைய லப்டொப்புக்குக் காணும். எனக்கு லப்டொப் தேவைதான். ஆனால் போன மாதம்தான் என் வாக்குக்கு முதன்முதலாக ஒரு சதம் பெறுமதி காட்டத் தொடங்கியது. சாவகச்சேரியிலிருந்து ஒரு பிள்ளை புதிதாக வந்து தன் வீட்டுத் தறியைப் பற்றி எழுதுகிறாள், இரண்டு சதம் தாண்டாமல் நிற்கிறது. அவளுக்கு என் ஒன்றைப் போட்டுவிட்டு, இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். லப்டொப்பை டிசெம்பரில் யோசிப்போம்.