மணி விழுங்கி மரத்தடியில்

அண்ணாச்சியின் தலைத்திவசம் முடிந்து, இந்த ஆடி அமாவாசைக்குத்தான் மதினியும் பிள்ளைகளும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வந்தார்கள். நானும் கூடப் போனேன். அவர்களுக்கு அது குலசாமி. கல்லூரியில் அண்ணாச்சிக்கு அடுத்த மேசைக்காரன் நான். 11 வருடம் அவர் பின்னால் வந்து வந்து அய்யனார் எனக்கும் சாமியாகிவிட்டார்.

பாபநாசம் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பை உண்டா என்று பார்த்துத்தான் வண்டியை விட்டார்கள். கோயில் இருப்பது, 1988-ல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டுக்குள். அண்ணாச்சி எப்போதும் எல்லாவற்றையும் துணிப்பையில்தான் கட்டிவருவார். மதினியும் அப்படியே கட்டியிருந்தார்கள்.

தாமிரபரணியில் முழுகி, மூத்தவன் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அய்யனார், மகாலிங்கம், பேச்சியம்மன், சங்கிலி பூதத்தார் என்று வரிசையாகக் கும்பிட்டோம். பட்டவராயன் சாமிக்கு நேர்ந்துகொண்டு வைத்த தோல்செருப்புகளைத் தொட்டு வணங்கினோம்.

மணி விழுங்கி மரத்தடியில்தான் எனக்கு அழுகை வந்தது. நேர்ச்சைக்கு மணி கட்டும் இலுப்பை மரம் அது. கட்டிய மணியை வருடம் போகப்போகப் பட்டை மூடிக்கொள்ளும். அண்ணாச்சியின் படிப்பு பரிணாமச் சூழலியல், உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து எப்படி மாறிவந்தன என்று பார்ப்பது. “மரம் பட்டைக்கு அடியிலதான் பருக்கும். மேல கிடக்கிறத அப்படியே உள்ள வாங்கிக்கிடும்” என்பார். சொன்ன கையோடு கன்னத்தில் போட்டுக்கொள்வார். காரணம் தெரியத்தெரிய அவருக்குப் பக்தி கூடியதைத்தான் நான் பார்த்தேன்.

இலுப்பைக்கும் வௌவாலுக்கும் உள்ள உறவே அவர் ஆராய்ச்சி. இருட்டில் பூவின் நிறத்தைவிட வாசனைதான் வௌவாலை இழுக்கும். சதைப்பற்றான தித்திப்பு இதழைக் கவ்வ வந்த வௌவால், முகத்தில் மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குப் போகும். பழத்தைத் தூக்கிப்போய்த் தின்று, கொட்டையை எங்கோ போடும். அங்கே ஒரு கன்று முளைக்கும். “ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு நாம சொல்லுமுன்னே வௌவாலுக்குத் தெரியும்” என்பார். கோயில் விளக்கு இலுப்பெண்ணெயில் எரிந்தால் அந்த வெளிச்சத்தில் வௌவாலுக்கும் பங்குண்டு என்பது அவர் கணக்கு.

மதினி சின்னப் போத்தலில் இலுப்பெண்ணெய் கொண்டுவந்திருந்தார்கள். காற்றில் இரண்டு முறை அணைந்து, மூன்றாவது முறைதான் திரி பிடித்தது. யாரும் பேசவில்லை.

மரத்தடியில் கொட்டைகள் கிடந்தன. சின்னவள் ஒன்றைப் பொறுக்கினாள்.

“அப்பா இந்தக் காட்டுல ஒரு இலையக்கூட எடுக்க விடமாட்டாகளேம்மா” என்றார்கள் மதினி.

கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.