ஆதிக் கெல்டிக் வினைகளை மீட்டெடுத்தல்: 'சும', 'பாடு' இரண்டும் எதுவரை வந்தன

ஐரிஷ், வெல்ஷ் போன்ற மொழிகளின் மூதாதை மொழியான ஆதிக் கெல்டிக்குக்கு ஏடும் இல்லை, கல்வெட்டும் இல்லை. பிற்கால மொழிகளை ஒப்பிட்டு மீட்ட வடிவங்களுக்கு முன்னால் உடுக்குறி (*) இட்டிருக்கிறது. சொல் நடுவில் வரும் ஒற்றைக் க, ஈற்று த் இரண்டையும் 'அகம்', 'அது' போல மென்மையாகப் படிக்கவும்.

பழைய ஐரிஷில் 'பெரித்' என்றால் 'சுமக்கிறான்'. முன்னால் 'நீ' (இல்லை) வந்தால் அதே வினை 'பெய்ர்' என்று குறுகும். சமஸ்கிருதத்தின் 'பரதி' (சுமக்கிறான்) நினைவில் இருந்தால், பெரித் நேராக *பெரெட்டியிலிருந்து வந்தது என்று எழுதிவிடத் தோன்றும். சறுக்கும் இடம் இதுதான். *பெரெட்டியை முன்னோக்கி ஓட்டிப் பாருங்கள்: ஈற்று இ உதிர்ந்தால் *பெரெட், ட் உதிர்ந்தால் *பெரெ, கடைசி எ, ரகரத்துக்கு யகரச் சாயல் கொடுத்துவிட்டு மறைந்தால் பெய்ர். கிடைப்பது குறுகிய வடிவம்தான்! பெரித்தின் ஈறு பிழைத்ததற்கு, வினையின் பின்னால் ஒட்டிநின்ற ஓர் இடைச்சொல்லைக் காரணமாகச் சொல்வார்கள். அதன் ஒலிவடிவத்தில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மூலத்தில் ஈற்று இ இருந்ததற்குச் சான்று வேண்டுமென்றால், ஸ்பெயினின் சரகோசா அருகே 1970இல் கிடைத்த போடொரிட்டா வெண்கலத் தகட்டில் கெல்டிபீரிய (அங்கே வழங்கிய பழைய கெல்டிக் மொழி) வினைகள் -ட்டி என்றே முடிகின்றன.

இறந்தகாலம் இன்னும் சுவையானது. ஐரிஷ் 'பெர்ட்' (சுமந்தான்), வெல்ஷ் 'கமெர்த்' (எடுத்தான், முன்னொட்டோடு). ஐரிஷ் ர்ட், வெல்ஷில் ர்த் ஆவது விதி. 'வலிமை' என்னும் சொல்லும் அங்கே நெர்ட், இங்கே நெர்த். ஆகவே *பெர்ட் உறுதி. அதற்கும் முந்தையது *பெர்ஸ்ட். ரகரத்துக்கும் டகரத்துக்கும் நடுவே ஸ் நசுங்கிப்போனது. படர்க்கை விகுதியாக இருந்த ட், பிறகு காலம் காட்டும் உறுப்பாகிவிட்டது. அதனால்தான் தன்மையிலும் 'பியுர்ட்' (சுமந்தேன்) என்று அது தொடர்கிறது.

'பாடு' வேறு வகை: வேரின் முதல் மெய் எகரத்தோடு முன்னால் இரட்டிக்கும். *கெக்கன (பாடினேன்) 'கெகன்' ஆனது. *கெக்கனெ (பாடினான்) 'கெகய்ன்' ஆனது. உதிர்ந்த உயிர்களின் தடம் ஈற்று னகரத்தின் சாயலில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏட்டில் ஒரே ஒரு இகரம்தான் வேறுபாடு. அதைத் தவறவிட்டால் தன்மையும் படர்க்கையும் கலந்துவிடும்.

வெல்ஷில் மட்டும் 'கான்ட்' (பாடினான்) என்று ட் வருகிறது. அதை மூலத்துக்குக் கொண்டுபோகவில்லை. 'குத்தினான்' என்பதற்கும் அங்கே 'க்வான்ட்' உண்டு. னகர வேர்களுக்கும் ட் பரவியிருக்கிறது. லத்தீனில் 'கெக்கினி' (பாடினேன்) என்று இரட்டிப்பு இருப்பதால் மூல வடிவமாக *கெக்கனெ நிற்கிறது.