குழாய் பக்கத்திலேயே இருந்தது

"குழாயில கண்ணைக் கழுவிக்கட்டுமா சிஸ்டர்?" என்றுதான், தரை கழுவும்போது பிளீச் கண்ணில் தெறித்த அந்த அக்கா கேட்டார். "வேணாங்க்கா, அந்தத் தண்ணி வேணாம், இருங்க" என்றேன் நான். உள்ளே ஓடி சலைன் பாட்டிலைத் தேடி, டிரிப் குழாய் மாட்டிக்கொண்டு வர மூன்று நிமிடம் ஆகியிருக்கும். நான்கு கூட இருக்கலாம். குழாய் அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி.

நான் சொன்னதில் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் போர்வெல் தண்ணீரில் இரும்பு அதிகம். பிடித்துவைத்த வாளியில் மறுநாளே காவி படியும். அன்று நடந்ததற்கும் அந்தக் காவிதான் காரணம். பிளீச் பட்டால் தண்ணீரிலுள்ள இரும்பு துருவாகி தரை இன்னும் சிவக்கும். கறை போகவில்லையே என்று அக்கா மூடியால் அளக்காமல் கேனோடு கவிழ்த்தார். தெறித்தது.

ஆனால் பிளீச் காரம். அமிலம் பட்ட இடத்தைப் பெரும்பாலும் மேலேயே உறையவைத்துவிடும்; காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். இது எனக்குத் தெரியாததா? அப்புறம் இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடம் ஊற்றினேன், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினோம். அதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

ஊற்றும்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன். நகக்கண் ஓரமெல்லாம் வெள்ளையாக வெடித்து, விரல் நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷினில் கை வைத்தால் எடுப்பதில்லையாம், மகளை அனுப்புகிறாராம். "எவ்ளோ கழுவினாலும் சோப்பு போக மாட்டேங்குது சிஸ்டர், வழுக்கிட்டே இருக்கு" என்றார். அது சோப்பே இல்லை. தோலின் எண்ணெயை பிளீச் சோப்பாக மாற்றுகிற வழுவழுப்பு அது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கித் தர எனக்குத் தோன்றவில்லை. அந்த நான்கு நிமிடத்தைவிட இதுதான் பெரிய தப்போ என்று சில நாள் படுகிறது.

வீட்டு பிளீச்சில் வேலை செய்கிற மருந்தான ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் போலத்தான் இருக்கும். உடனே கழுவினால் பெரும்பாலும் எரிச்சலோடு போய்விடும். உடனே கழுவினால்.

பார்வைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். போன வாரம் வெயிலில் கண்ணைக் கையால் மறைத்தபடி வந்தார், இன்னும் கூசுகிறதாம். "அன்னிக்கு நீங்க இருந்தது நல்லதாப் போச்சு சிஸ்டர்" என்றார். நீங்க கேட்டதுதாங்க்கா சரி என்று சொல்ல வாய்வரை வந்தது. "கூலிங் கிளாஸ் போட்டுக்கங்க" என்றேன்.