இப்போதைக்கு

பிப்ரவரி 10, 2024
ராத்திரி செய்தியில் சொல்லிவிட்டார்கள், பர்மாவில் இனி கட்டாய ராணுவ சேவை. ஆண்கள் 18 முதல் 35, பெண்கள் 18 முதல் 27. அண்ணன் பிள்ளைகள் மலருக்கு 23. குமாருக்கு 19. அண்ணி டிவியை அணைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

பிப்ரவரி 11
கோயில் தமிழ் வகுப்புக்கு ஐந்தே பிள்ளைகள்.

பிப்ரவரி 13
சட்டம் 2010-இலேயே எழுதி வைத்ததாம். இத்தனை வருஷம் தூங்கியது. ரெண்டு வருஷம் சேவை, அவசர நிலை என்றால் ஐந்து. கல்யாணமான பெண்களுக்கு விலக்கு. இந்த வரியை அண்ணன் இரண்டு தடவை வாசித்தான். என்னை ஏன் பார்க்க வேண்டும்?

பார்ப்பான்தான். ரங்கூனில் எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெற்றவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். முதலில் வேலை, கையில் நாலு காசு, அப்புறம் தாலி. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள் என்பதால் இப்படிப் பேசுகிறேன் என்றார்கள், இருக்கட்டும். இன்று என் வகுப்பில் படித்த இரண்டு பெண்களுக்கு அவசர நிச்சயம். டாக்டர், எஞ்சினியர் மாதிரிப் படித்தவர்களுக்கு வயது வரம்பு இன்னும் நீளம்: ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 35. நன்றாகப் படி, படி என்று தொண்டை வறளச் சொன்னவள் நான்.

பிப்ரவரி 17
தாய்லாந்து தூதரகத்தில் விசாவுக்கு ஒரு நாளைக்கு 400 டோக்கன்தானாம். குமார் விடிகாலை மூன்று மணிக்குப் போய், வெறுங்கையோடு வந்தான். "எனக்கும் ஒரு தாலி கட்டிவிடுங்க அத்தை, விட்டுடுவாங்களா?" யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20
மாண்டலே பாஸ்போர்ட் ஆபீஸ் நெரிசலில் இரண்டு பெண்கள் செத்துப் போனார்கள்.

பிப்ரவரி 21
பெண்களை இப்போதைக்குக் கூப்பிட மாட்டோம் என்கிறார்கள். "இப்போதைக்குன்னா எத்தனை நாள்?" அண்ணன் என்னிடம் கேட்கிறான், சட்டம் போட்டவள் நான் என்பது போல.

பிப்ரவரி 24
மாசி மகம். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அரிசி வியாபாரம். பையன் கட்டியிருந்த லுங்கியில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. கன்னத்தில் பூசிய தனகா மரப்பட்டைச் சாந்தைக் கூட அழிக்காமல் மலர் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு நேரே கேட்டாள்: "எல்.சி.சி.ஐ. கணக்குப் பரீட்சையில எனக்கு இன்னும் ஒரு பேப்பர் இருக்கு. எழுத விடுவீங்களா?" அவன் அம்மாவைப் பார்த்தான். அப்புறம்தான் "எழுதட்டும்" என்றான்.

நல்ல பையன்தான். அம்மாவைப் பார்க்காமல் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 2
கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன். "அத்தை, நீங்க சொன்னா கேட்கிறேன்" என்றாள் மலர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்ன வாய். "ரெண்டு நாள் போகட்டும்மா" என்றேன்.

மார்ச் 3
அவன் அம்மாவைப் பார்த்ததே கண்ணில் நிற்கிறது.

மார்ச் 9
சரி என்றுவிட்டாள். என்னைக் கேட்காமலே. வைகாசியில் முகூர்த்தம். கோபமா நிம்மதியா தெரியவில்லை, நாலு தடவை ஒரே பாத்திரத்தைத் தேய்த்தேன்.

மே 3
வெளிநாட்டு வேலைக்கு ஆண்களிடமிருந்து விண்ணப்பம் வாங்குவதை அரசு நிறுத்திவிட்டது. ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. குமார் கட்டிய பணம் போனது போனதுதான். கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயரைப் போடலாமா என்று அண்ணன் கேட்கிறான்.

மே 6
பேர்ப் பட்டியல் சரிபார்க்க வார்டு ஆபீசிலிருந்து வருகிறார்களாம். குமாரை ராத்திரி பஸ்ஸில் தட்டோனுக்கு அனுப்பியாயிற்று. அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. உள்ளே எடுத்து வை அண்ணி என்றேன்.